பாளையங்கோட்டை டிரஸ்ட் வக்கீல் அலுவலகம்: எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம்

வக்கீலின் பெயரும் முகவரியும் இந்த மதிப்புரையில் இருக்காது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப் பலகைகூட நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. பெரிய வக்கீல் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவர். வாசலில் தொங்கும் பலகை ஒரு முழம்கூடத் தேறாது. பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் போய் ‘டிரஸ்ட் வேலை பாக்குற வக்கீல்’ என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். செயின்ட் ஜான்ஸ் 1878, செயின்ட் சேவியர்ஸ் 1923, சதக்கத்துல்லா அப்பா 1971 என்று கல்லூரிகளை வரிசையாக அடுக்கவும் செய்கிறோம். அந்தப் பெருமை முழுக்க அறப்பணத்தில் எழும்பியது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமாகக் கணக்குப் பிரிவு உண்டு, சென்னையில் ஆடிட்டர் உண்டு. இந்த மாடி அலுவலகத்தின் பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் அவர்கள் அல்ல. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவர்கள், ஆனித் தேருக்கு அன்னதானம் போடுகிற கமிட்டி, தாமிரபரணிக் கரையைச் சுத்தம் செய்கிற குழு, ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்த படிப்பு உதவி நிதி: இவர்கள்தான் கட்சிக்காரர்கள்.

பெரியவர் தொழிலுக்கு வந்தபோது வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். அந்தப் பிரிவே 1973 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. 1997-இல் 12ஏஏ வந்தது. அதன் பிறகு கமிஷனர் விசாரித்துத்தான் உத்தரவு போட வேண்டும் என்றாயிற்று. 2021 ஏப்ரலில் 12ஏபி வந்து, பழைய பதிவுக்காரர்கள் எல்லாரும் 10ஏ படிவம் போட்டுப் புதிதாகப் பதிய வேண்டும், பிறகு ஐந்து வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று புரட்டிப் போட்டது. மூன்று கட்டத்தையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்த்த ஆள் தென்மாவட்டத்தில் அதிகம் பேர் இல்லை. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும்வரை உயர் நீதிமன்றம் என்றாலே சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்தான். வருமான வரித் தீர்ப்பாயத்துக்கு இன்றைக்கும் சென்னை அமர்வுதான். டிரஸ்டுகளுக்கென்று உள்ள விலக்குகள் ஆணையர் உட்கார்ந்திருப்பதும் சென்னையில்தான்.

ஆனால் அவருடைய தொழிலை ஜெயித்த வழக்குகளை வைத்து எடை போட்டால் தப்பாகிவிடும். வழக்குக்கே போகாதபடி பத்திரம் எழுதியதும், செயலாளரையும் பொருளாளரையும் கணக்கு பழக்கியதும்தான் அவர் செய்த பெரிய வேலை. 2021 மறுபதிவின்போது அது வெளிச்சத்துக்கு வந்தது. பல ஊர்களில் பழைய 12ஏ கடிதத்தைத் தேடி அலைந்தார்கள். அப்போதைய தலைவர் காலமாகியிருப்பார், பீரோ சாவி யாரிடம் என்று தெரியாது. இந்த அலுவலகத்தின் கட்சிக்காரர்களிடம் கடிதம் இருந்தது. ஒன்று வங்கி லாக்கரில், ஒன்று டிரஸ்ட் கோப்பில், ஒன்று வக்கீல் அலுவலகப் பரணில் என்று மூன்று நகல் வைப்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே வழக்கம்.

சேவையைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: இது ஆடிட்டர் அலுவலகம் அல்ல. தணிக்கை அறிக்கையில் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். வக்கீல் போட முடியாது. பத்திரம் எழுதுவது, பதிவு வாங்குவது, நோட்டீஸுக்குப் பதில் சொல்வது, மேல்முறையீடு ஆகிய நான்கும் இங்கே. கணக்கு எழுதுவதும் தணிக்கையும் டிரஸ்டுகளுக்கான வருமான வரி ரிட்டர்னான ஐடிஆர்-7 போடுவதும் உங்கள் ஆடிட்டரிடம். இரண்டையும் ஒரே இடத்தில் முடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

பத்திர வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். பத்திர எழுத்தர் தருகிற மாதிரிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் ஜூனியர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். கலைப்பு விதி அங்கே இருக்கிறதா, இருந்தால் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். ‘டிரஸ்ட் கலைக்கப்பட்டால் சொத்து அறங்காவலர்களைச் சேரும்’ என்று இருந்தால் அந்த ஒரு வரியிலேயே பதிவு போய்விடும். அதே நோக்கமுள்ள, பதிவு பெற்ற வேறொரு டிரஸ்டுக்குப் போக வேண்டும் என்று இருக்க வேண்டும். அடுத்து, டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்ற வாசகம். பிறகு வருமானம் நோக்கத்துக்கு மட்டும், செலவு இந்தியாவுக்குள் மட்டும், அறங்காவலர்களுக்குப் பங்கு கிடையாது என்பவை. சாட்சிக் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போன்றவற்றை எல்லாரும் பார்ப்பார்கள். இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

நெல்லைச் சீமையில் அடிக்கடி இடிக்கும் இடம் பயனாளிகள் பத்தி. சமுதாயச் சங்கம் ஒன்று சேர்ந்து டிரஸ்ட் வைக்கும்போது ‘எங்கள் சமுதாய மாணவர்களுக்கு’ என்று இயல்பாக எழுதிவிடுவார்கள். 1962 ஏப்ரல் 1-க்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளை ஒரு மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்றிருந்தால் 13(1)(பி) பிரிவின்படி விலக்கு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான டிரஸ்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இதைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுண்டிப் போகும், சண்டைக்கே வந்துவிடுவார்கள். ‘சாதி மத பேதமின்றி’ என்று எழுதிவிட்டு ஒரே சாதிக்குக் கொடுத்தால் போயிற்று என்று சில இடங்களில் யோசனை சொல்கிறார்கள். இங்கே அது நடக்காது. பதிவு விசாரணையில் பயனாளிகள் பட்டியலைக் கேட்கிறார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

கோயில் கொடைக் கமிட்டிகளுக்கும் இதே மாதிரி ஒரு வேகத்தடை. கோயில் காரியத்துக்கான டிரஸ்டுக்கு 12ஏபி பதிவு வாங்கலாம், நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி கிடைக்காது. அன்னதானமும் படிப்பு உதவியும் முதன்மையாகச் செய்து, பக்கத்தில் கொஞ்சம் பூசை, விளக்கு என்று செலவழிக்கிற டிரஸ்டானால் மதச் செலவு அந்த வருச வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதவரை 80ஜி நிற்கும். தலைக்கட்டு வரி பிரிக்கிற கமிட்டியும் படிப்பு உதவி தருகிற டிரஸ்டும் ஒரே பாஸ்புக்கில் ஓடினால் இந்த 5 சதவீதத்தை நிரூபிக்கவே முடியாது. இரண்டு டிரஸ்ட், இரண்டு பான், இரண்டு வங்கிக் கணக்கு என்று பிரித்து எழுதச் சொல்வார்கள். செலவு கூடும்தான். அவர்கள் சொல்வது சரி.

அடுத்து அலுவலகத்தின் புகழ்பெற்ற அட்டை. பத்திரம் பதிந்த அன்றைக்கே கெட்டி அட்டையில் அச்சடித்த வருச நாட்காட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, பொருளாளர் மேஜைக்கு எதிரே ஆணி அடித்து மாட்டச் சொல்கிறார்கள். மே 31-க்குள் நன்கொடைப் பட்டியல், அதாவது 10பிடி. அதைப் போட்டால்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் எடுக்க முடியும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய், அதற்கு மேல் 271கே பிரிவில் 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் போட இடமுண்டு. ஆகஸ்ட் 31-க்குள், செலவாகாத வருமானத்துக்கான படிவம் 9ஏ, படிவம் 10. செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31 ஐடிஆர்-7. தணிக்கை தேவைப்படாத சின்ன டிரஸ்டுக்கு ரிட்டர்ன் கெடு அதற்கு முன்பே வந்துவிடும் என்பது அட்டையில் சிவப்பு மையில் இருக்கிறது, ஏனென்றால் ‘அக்டோபர்தானே’ என்று இருந்து கோட்டை விடுவது சின்ன டிரஸ்டுகள்தான். டிசம்பர் 31 வெளிநாட்டு நிதிக்கான ஆண்டறிக்கை, எஃப்சி-4.

தணிக்கை அறிக்கையை 10பி படிவத்தில் போடுவதா 10பிபி-யில் போடுவதா என்ற குழப்பத்துக்கும் அட்டையின் பின்பக்கம் விடை உண்டு. விலக்குக்கு முந்தைய வருமானம் 5 கோடியைத் தாண்டினாலோ, வெளிநாட்டு நன்கொடை வந்திருந்தாலோ, வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்திருந்தாலோ 10பி. மற்றவர்களுக்கு 10பிபி. முன்பு பேர்பாதி டிரஸ்டுகள் போட்டது 10பி என்பதால் பழக்க தோசத்தில் அதையே எடுத்துவிடுகிறார்கள்.

நன்கொடை ரசீது விசயத்தில் ஜூனியர்கள் கறார். கவுண்டரில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்.

‘ரசீதுதான் போட்டாச்சுல்லா, பெறவு என்ன வக்கீலய்யா?’

‘போட்டிய அண்ணாச்சி, சரி. பான் எங்க? ரொக்கமா செக்கான்னு எழுதலியே. மூலதன நிதிக்குன்னு போட்டிருக்கிய, அப்படின்னு அவுக கைப்பட எழுதித் தந்தாகளா?’

மூன்று கேள்வியிலும் விசயம் இருக்கிறது. பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண் இல்லாமல் 10பிடி-யில் அந்த வரியை ஏற்ற முடியாது. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு கிடையாது. மூலதன நிதி என்று கொடுப்பவர் எழுத்தில் சொல்லியிருந்தால்தான் அது வருமானத்தில் சேராமல் தனியே நிற்கும், அதையும் 11(5) பிரிவு அனுமதிக்கிற வங்கி, தபால் நிலையம் போன்ற இடங்களில் தனியாகப் போட்டு வைத்திருக்க வேண்டும். டிரஸ்ட் தரப்பு ரசீதில் ‘கார்பஸ்’ என்று முத்திரை குத்துவதால் ஒன்றும் ஆகாது. பெயர், முகவரி இல்லாத உண்டியல் பணம் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்க மத அறக்கட்டளைக்கு இந்த வரி இல்லை. கோயிலுக்கு உண்டியல் இருக்கிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்கிற அன்னதானக் கமிட்டிக்கு இதுதான் பதில்.

85 சதவீதக் கணக்கு, அதாவது வரவில் அவ்வளவு டிரஸ்டின் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும் என்ற விதி. இதற்காகவே இந்த அலுவலகத்துக்கு ஒரு தடவை போகலாம். வரவு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம், 6 லட்சம், கேள்வி இல்லாமல் ஒதுக்கிக்கொள்ளலாம். மீதி 34 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். பாஸ்புக்படி செலவு 29 லட்சம். பொருளாளர் கணக்கில் குறை 5 லட்சம். படிவம் 10 போட்டு 5 லட்சத்தைச் சேமிப்பாகக் காட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்.

ஜூனியர் பென்சிலை எடுத்துக் கழிக்க ஆரம்பிப்பார். கட்டட ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த 10 லட்சத்துக்கு டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கவில்லை: அதில் 30 சதவீதம், 3 லட்சம், செலவாக ஏற்கப்படாது. நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறிக்கும் அரிசிக்கும் ஒரே கடைக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவை சேர்ந்து 2 லட்சம்: அது முழுதும் போச்சு. இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுத்த 4 லட்சம்: 85 சதவீதம்தான் செலவு, 60,000 குறையும். ஆக 29 லட்சம் என்பது 23 லட்சத்து 40 ஆயிரம். உண்மையான குறை 10 லட்சத்து 60 ஆயிரம். படிவத்தில் 5 லட்சம் மட்டும் காட்டியிருந்தால் மீதி 5 லட்சத்து 60 ஆயிரம் வரிக்கு வந்து நிற்கும். கைக்காசு யாரும் எடுக்கவில்லை, அரிசி பானைக்குள்தான் போயிருக்கிறது, ஆனாலும் வரி. இந்தக் கழித்தலை மார்ச் மாதமே போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மார்ச்சில் தெரிந்தால் செலவழிக்க இரண்டு வாரமாவது இருக்கும். ஆகஸ்டில் தெரிந்தால் படிவம் மட்டும்தான் மிச்சம்.

படிவம் 10-இல் நோக்கம் எழுதும் இடத்திலும் கவனம் வேண்டும். ‘டிரஸ்டின் நோக்கங்களுக்காக’ என்று பொதுப்படையாக எழுதினால் ஆட்சேபணை வரும். ‘மாணவிகள் விடுதிக்கு முதல் மாடி’ என்று குறிப்பாக எழுத வேண்டும், அதே வாசகத்தில் அறங்காவலர் தீர்மானம் இருக்க வேண்டும். ஐந்து வருசத்துக்குள் செலவாகாவிட்டால் மிச்சத் தொகை ஐந்தாம் வருசமே வருமானமாகிவிடும். சேமித்த பணத்தை வேறு டிரஸ்டுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. கெடு தவறியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 2024 நவம்பரில் வந்த 16-ஆம் எண் சுற்றறிக்கைப்படி 365 நாள் வரையான தாமதத்தை ஆணையரே மன்னிக்கலாம், அதற்கு மேல் மூன்று வருசம் வரை தலைமை ஆணையர் மட்டம். காரணத்தை ஆதாரத்தோடு எழுத வேண்டும். இந்த மனுக்களை இங்கே நன்றாக எழுதுகிறார்கள். அழுது எழுதுவதில்லை, தேதி வாரியாக எழுதுகிறார்கள்.

ஆதாரம் என்றதும் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மூழ்கியபோது தரைத்தளத்தில் வைத்திருந்த வவுச்சர் கட்டுகளும் சேர்ந்து நனைந்தன. 17ஏஏ விதிப்படி கணக்குப் புத்தகங்களை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 வருசம் வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தது என்று வாயால் சொன்னால் போதாது. அறங்காவலர் கூட்டம் போட்டு எந்த வருசத்துக் கோப்புகள், எத்தனை கட்டு என்று தீர்மானத்தில் எழுதி, நனைந்த தாள்களைப் பிரித்து நிழலில் காயவைத்துப் படம் எடுத்து, வங்கியிலும் சப்ளையர்களிடமும் நகல் வாங்கி ஒரு கோப்பாகக் கட்ட வேண்டும் என்பது அலுவலகத்தின் முறை. இப்போது எல்லாருக்கும் மாடிக்கு மாற்றவும், மாதம் ஒருமுறை ஸ்கேன் எடுக்கவும் சொல்கிறார்கள். ஆற்றங்கரை ஊரில் இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு நுணுக்கம். வளைகுடாவில் வேலை பார்க்கிற கடையநல்லூர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பேரன் கொடைக்கு வந்த இடத்தில் 5,000 ரூபாய் கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி, ரூபாயாகக் கொடுத்தாலும் சரி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின்கீழ் பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. எனவே ஊருக்கு வெளியே இருந்து வரும் ஒவ்வொரு நன்கொடைக்கும் பாஸ்போர்ட் முதல் பக்க நகல் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு வரைக்கும்தான் இந்த அலுவலகத்தின் கை எட்டும். எஃப்சிஆர்ஏ பதிவு, புதுப்பித்தல், டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் கணக்குத் திறப்பது, 2020 திருத்தத்துக்குப் பிறகு வந்த 20 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு போன்ற வேலைகளைச் சென்னைக்குக் கைகாட்டி விடுகிறார்கள். வெளிநாட்டு நிதிதான் உங்கள் பிரதான வரவு என்றால் இங்கே போவதில் பாதிப் பயன்தான்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. தொலைபேசியை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தார்களா என்று தெரியாது, தாளில் கொண்டுபோனால்தான் மதிப்பு. தமிழில் உள்ள பத்திரத்தை ஆங்கிலமாக்கித் தர வாரக்கணக்கில் ஆகிறது, பதிவுக்கு 10ஏபி படிவத்தில் விண்ணப்பம் போடுகிறவர்கள் அதற்கும் சேர்த்து நாள் வைத்துக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி சுமார்தான். மண்டப வாடகை விசயத்தில், பொதுமக்களுக்கான வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில் உள்ள மண்டபத்துக்கு, பதிவு பெற்ற அமைப்பு நடத்தி, நாள் வாடகை 10,000-க்குக் கீழே இருந்தால்தான் விலக்கு என்ற அளவுக்குச் சொல்கிறார்கள், அதற்கு மேல் ஆடிட்டரிடம் போகச் சொல்கிறார்கள்.

சிலர் சொல்லும் இன்னொரு குறை, ரொம்பப் பயந்து யோசனை சொல்கிறார்கள் என்பது. அதில் உடன்பாடில்லை. தினத்தந்தியை நடத்தும் தந்தி டிரஸ்ட் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், வியாபார வருமானம் டிரஸ்டின் நோக்கத்துக்கே போகிறது என்பதை ஏற்று, 1992-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு விலக்குத் தந்தது. ஆதித்தனார் காயாமொழிக்காரர் என்பதாலோ என்னவோ, நம்ம பக்கம் டிரஸ்ட் வைக்கிறவர்கள் எல்லாரும் இந்த வழக்கை வாயில் வைத்திருப்பார்கள். டிரஸ்ட் பெயரில் மண்டபம் கட்டி வாடகைக்கு விடலாம், பங்க் போடலாம் என்று கிளம்புவார்கள். 2022 அக்டோபர் 19-இல் வந்த இரண்டு தீர்ப்புகள் நிலைமையை இறுக்கிவிட்டன. கல்வி நிறுவனம் என்றால் கல்வி ‘மட்டுமே’, பொதுநல நோக்கம் என்றால் வணிக வரவு மொத்தத்தில் 20 சதவீதத்துக்குள். தனிக் கணக்குப் புத்தகம் வேறு வேண்டும். இதைச் சொல்லித் தடுப்பது பயம் என்றால் அப்படிப் பயப்படுகிற வக்கீல்தான் தேவை.

அறங்காவலருக்குக் கைமாத்து கொடுப்பதையும் இங்கே அடியோடு தடுத்துவிடுகிறார்கள். பத்து நாளில் திருப்பிவிட்டேனே என்பார்கள். வட்டியும் ஈடும் இல்லாமல் கொடுத்த அன்றைக்கே அது விலக்கைப் பறிக்கும் 13-ஆம் பிரிவுக்குள் வந்துவிடும். அறங்காவலரின் உறவினர் கட்டடத்துக்குக் கூடுதல் வாடகை, சீட்டுக் கம்பெனியில் டிரஸ்ட் பணம் எல்லாம் இதே ரகம்.

பதிவு மறுக்கப்பட்டு வருகிறவர்களின் கோப்பைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே காரணம். இணையதளத்தில் பதிந்திருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் டிரஸ்டுடையவை அல்ல. எப்போதோ விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டருடையது, அல்லது வேலையை விட்டுப்போன ஆடிட்டர் உதவியாளருடையது. கமிஷனர் கேள்வி அனுப்புவார், ஒரு நினைவூட்டலும் அனுப்புவார், பதில் வராது, மறுத்து உத்தரவு போடுவார். டிரஸ்டுக்கு அது தெரியவரும்போது மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஆகவே இந்த அலுவலகத்தில் எந்த வேலைக்குப் போனாலும் முதலில் உங்கள் எதிரிலேயே இணையதளத்தைத் திறந்து எண்ணையும் மின்னஞ்சலையும் டிரஸ்டுடையதாக மாற்றுகிறார்கள். கடவுச்சொல்லைத் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. கடவுச்சொல்லைக் கொடுக்காமல் இழுத்தடித்துக் கட்சிக்காரரைப் பிடித்து வைக்கிற இடங்கள் இருக்கிற ஊரில் இது பெரிய விசயம்.

தற்காலிகப் பதிவு மூன்று வருசம். அதை முறையான பதிவாக்க 10ஏபி போட வேண்டியது, பணி தொடங்கி ஆறு மாதத்துக்குள் அல்லது காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முந்துகிறதோ அப்போது. மூன்று வருசம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது முதல் கெடுவில்தான். முடிந்த இரண்டு வருசங்களிலும் விலக்குக்கு முந்தைய வருமானம் 5 கோடியைத் தாண்டாத டிரஸ்டுகளுக்கு 2025 ஏப்ரல் முதல் 12ஏபி பதிவு 10 வருசம் செல்லும் என்ற சலுகை வந்திருக்கிறது. 80ஜி-க்கு அது இல்லை, ஐந்து வருசம்தான். இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நினைத்து 80ஜி-யைக் கோட்டை விட இனி நிறைய வாய்ப்பு உண்டு.

கட்டணத்தைப் பத்திரம், பதிவு, நோட்டீஸ் என்று பிரித்து முன்கூட்டியே எழுதித் தருகிறார்கள், அரசுக் கட்டணம் தனி. ‘80ஜி வாங்கித் தந்தால் இவ்வளவு’ என்ற பேச்சு கிடையாது. வழக்கின் முடிவை வைத்துக் கூலி பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வருகிற நன்கொடையில் சதவீதம் கேட்கிற ஆலோசகர்கள் ஊரில் உலவுகிறார்கள், அவர்களோடு ஒப்பிட்டால் இங்கே முதல் தொகை கூடுதலாகத் தெரியும்.

பெரியவர் இப்போது வழக்குக்குப் போவதில்லை. காலையில் வந்து, ஜூனியர்கள் எழுதிய பதில்களைப் படித்து, பாதியை அடித்துவிட்டுப் போகிறார். அவரிடம் பழகிய ஜூனியர்கள் தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவிலில் தனியாகத் தொழில் செய்கிறார்கள், எல்லாரிடமும் அதே அட்டை, அதே மூன்று நகல். பழைய சட்டத்தில் ஊறியவர்களாயிற்றே, 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு எப்படி மாறுவார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. புதிய சட்டத்தில் டிரஸ்டுகளுக்கான விதிகள் 332 முதல் 355 வரை ஒரே பகுதியாக வந்துவிட்டன, 80ஜி-க்குச் சமமானது 133. 2025-26 வரைக்கான கணக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். இந்த மதிப்புரையில் உள்ள பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டத்தவை. ஜூனியர்கள் இரண்டு சட்டத்தின் எண்களையும் இரு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர் இன்னும் பழைய எண்ணில்தான் பேசுகிறார்.

முதல் தடவை போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியவை: பதிவு செய்த பத்திரத்தின் எல்லாப் பக்கமும் (முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு), டிரஸ்டின் பான், பழைய பதிவு உத்தரவுகள், மூன்று வருசத் தணிக்கைக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான நீதி ஆயோக்கின் தர்ப்பண் எண், அறங்காவலர்களின் ஆதார், தீர்மானப் புத்தகம், கையிருப்பில் உள்ள ரசீது புத்தகம் ஒன்று. வேலை நாளில் பத்து மணிக்கு முன்னால் போனால் அன்றைக்கே பார்க்கலாம். மே கடைசி வாரமும் செப்டம்பர் கடைசி வாரமும் போக வேண்டாம். மாடிப்படி செங்குத்து. வயதான தலைவரைக் கூட்டிப் போனால் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், கையெழுத்து வாங்க ஜூனியர் இறங்கி வருவார்.